ஒரே பணி, இரண்டு நீதி

நெய்வேலி என்றதும் இலக்கிய வாசகர் நெஞ்சில் எழுவது அதன் புத்தகக் கண்காட்சியும் மரங்கள் அடர்ந்த நகரியமுமே. 1956-இல் தோன்றிய பழுப்பு நிலக்கரி நிறுவனம் தன் நிரந்தரத் தொழிலாளர்க்கு வீடு, பள்ளி, மருத்துவமனை என்று கண்ணியமான வாழ்வை அளித்தது. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால், அதே வளாகத்தில் உழைக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் நிலை வேறு. பணி நிரந்தரம் கோரி அவர்கள் எத்தனை முறை வேலைநிறுத்தம் செய்தனர்! ஒத்த பணிக்கு ஒத்த ஊதியம் என்று 1971-ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் விதிகளே கூறின. 2020 ஜூலை 1 அன்று இரண்டாம் அனல்மின் நிலையக் கொதிகலனில் வெடிப்பு நேர்ந்தபோது, அன்றே மாண்ட அறுவரும் ஒப்பந்தத் தொழிலாளரே. ஆபத்தில் முன்வரிசை, உரிமையில் கடைவரிசை.

ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அதன் பூங்காக்களைக் கொண்டு அளத்தல் தகாது. கடைசித் தொழிலாளியை அது எப்படி நடத்துகிறது என்பதே அளவுகோல். ஆடைத் தையலால் பிழைக்கும் நம் தளவாய்புரத்திற்குச் சுரங்கம் தொலைவுதான். எனினும், தமிழகத்தின் மின்சாரத்தில் நெய்வேலிக்கும் பங்குண்டு. நம் தையற்பொறிகள் அந்த மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. அந்த வியர்வைக்கு நாமும் கடன்பட்டவர்களே.