500+ இருந்தும் ரெஃபர் பண்ண ஆளில்லை

வேலை தேடுகிறவர்களுக்கு இப்போது கிடைக்கும் முதல் அறிவுரை, "லிங்க்ட்இன்ல ஐந்நூறு பேரையாவது சேர்த்துடு" என்பதுதான். ஐந்நூறைத் தாண்டியதும் அந்தத் தளம் சரியான எண்ணைச் சொல்லாமல் '500+' என்று போட்டுவிடும். அதையே ஒரு பட்டமாக நினைப்பவர்கள் உண்டு.

ஆனால் ஒருவர் தன் கம்பெனி வேலைக்கு உங்களை ரெஃபர் பண்ணும்போது தன் பெயரையும் சேர்த்தேதான் ஹெச்.ஆரிடம் கொடுக்கிறார். "இவரை எப்படித் தெரியும்?" என்று கேட்டால், "ரிக்வெஸ்ட் வந்தது, அக்செப்ட் பண்ணினேன்" என்றா சொல்வார்?

அப்படியானால் நெருங்கியவர்கள்தானே கைகொடுப்பார்கள் என்பார்கள். மனசு அவர்களுக்கு உண்டு, புதுத் தகவல்தான் இருக்காது. அறைத்தோழனும் நீங்களும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். அவனுக்கு வரும் செய்தி உங்களுக்கும் வந்துவிடும். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் புறநகர் ஒன்றில் தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தகவல் சொன்னவரை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்த்தவர்கள் 55.6, அரிதாகப் பார்த்தவர்கள் 27.8. பழைய சக ஊழியர், கல்லூரியில் கூடப் படித்தவர் போன்றவர்களே பல நேரங்களில் வழி காட்டியிருந்தார்கள்.

அந்தக் கணக்கு வெறும் 54 பேரை வைத்துப் போட்டது என்று மடக்கலாம். நியாயம்தான். ஆனால் 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு லிங்க்ட்இன்னின் சுமார் 2 கோடிப் பேரைப் பார்த்தது. அதிலும் நெருக்கமான உறவுகள் பின்தங்கின. பொது நண்பர்கள் ஓரளவு இருக்கும் தொடர்புகளே வேலை மாற அதிகம் உதவின. 500+ கட்சிக்கு அந்தத் தளமே கைகொடுக்கவில்லை!

"தினமும் டச்சில் இரு" என்பது இன்னொரு உபதேசம். ரோஜாப்பூ படம் போட்ட குட்மார்னிங்கால் யாருக்கு வேலை கிடைத்தது? மூன்று வருடம் பேசாத பழைய டீம் லீடுக்கு இப்படி எழுதலாம்: "அண்ணா, பில்லிங் ப்ராஜெக்ட்ல உங்க டீம்ல டெஸ்டிங் பண்ணினேன். உங்க கம்பெனியில் இந்த ஜாப் ஐடி பார்த்தேன், ரெஸ்யூமே இணைச்சிருக்கேன். முடியலன்னாலும் பரவாயில்லை." அவர் கேட்க வேண்டிய எல்லாமே அதில் இருக்கிறது. வெறும் "ஹாய் சார்" அனுப்பினால் அவர்தான் உங்களை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். வேலை கிடைத்ததா இல்லையா என்று பிறகு அவருக்குச் சொல்லுங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

கூச்ச சுபாவம் தடை என்பதும் சும்மா. இரண்டு வரி எழுதக் கூச்சம் எதற்கு?

'பெரிய ஆளைப் பிடி' என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டும் வாதம். அப்பாவின் நண்பர்களில் நாலு மேனேஜர்கள் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தத் தொடர்புகள் பிறப்பிலேயே வந்துவிடுகின்றன. முதல் தலைமுறையாகப் பட்டம் வாங்கியவர் எந்தப் பெரிய ஆளைப் பிடிப்பார்? அவருக்கு, இரண்டு வருடம் முன்பு அதே துறையில் படித்து வெளியேறிய சீனியர் போதும். எந்த டீமில் ஆள் எடுக்கிறார்கள், முதல் ரவுண்டில் என்ன கேட்கிறார்கள் என்பது வைஸ் பிரசிடென்ட்டுக்குத் தெரியாது, சமீபத்தில்தான் அதே இன்டர்வியூக்களுக்கு அலைந்த அந்த சீனியருக்குத் தெரியும்.