சுவருக்குச் சுண்ணாம்பு போதுமா?

கடலூர் வட்டாரத்திலே குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் உண்டு. ஊர்ப் பெயரிலே குண்டு எப்படி வந்து உட்கார்ந்தது? 1690ஆம் ஆண்டிலே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் விலை பேசி வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, கோட்டையோடு மனநிறைவு கொள்ளவில்லை. பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுகிற தூரம் வரையில் உள்ள ஊர்களும் தனக்கே என்று எழுதி வாங்கிக்கொண்டது. விழுந்தது குண்டு, போனது ஊர்! அன்று முதல் அவை குண்டு கிராமங்கள்.

வாணிபம் செய்ய வந்தவன் கச்சேரி போட்டு உட்கார்ந்த ஊர் கடலூர். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரன் பிடித்துக்கொண்டபோது, இந்தக் கடற்கரை முழுவதற்கும் ஆங்கிலேயனின் தலைமையிடம் செயின்ட் டேவிட் கோட்டைதான். கிளைவ் அங்கே கவர்னராகக் கொலுவிருந்தான். 1758இல் லாலி வந்தான். கோட்டையை இடித்துத் தள்ளினான். கோட்டை போயிற்று, கச்சேரி போகவில்லை. மஞ்சக்குப்பத்திலே மாளிகைகள் எழுந்தன. கலெக்டர் ஆபீஸ், கோர்ட்டு, கஜானா என்று தென்னார்க்காடு மாவட்டம் முழுமைக்கும் அங்கேதான் தலையெழுத்து எழுதப்பட்டது. திண்டிவனத்து உழவனும் கள்ளக்குறிச்சிக் கூலியும் காட்டுமன்னார்கோயில் கைம்பெண்ணும் மனுவைக் கையிலே பிடித்துக்கொண்டு, அந்தப் படிக்கட்டுகளிலே எத்தனை பகல் காத்துக் கிடந்திருப்பார்கள்!

1993ஆம் ஆண்டிலே மாவட்டம் இரண்டாயிற்று; பாதி நிர்வாகம் விழுப்புரம் போயிற்று. கடலூரிலும் ஆட்சியர் அலுவலகம் புதிய வளாகத்துக்குக் குடிபோயிற்று. மலைபோல் குவிந்திருந்த கோப்புகள் கணினிக்குள்ளே புகுந்துகொண்டிருக்கின்றன. ஆக, அலுவல் நகர்ந்துவிடுகிறது, அலுவலகம் நின்றுவிடுகிறது. இப்படி நிற்கின்ற பழைய அலுவலகக் கட்டடங்களை என்ன செய்வது? இதுதான் இன்று நான் எடுத்துக்கொண்ட பிரச்சினை.

"விலைவாசி ஏறிக் கிடக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது, இவன் உத்திரத்தையும் விட்டத்தையும் பேச வந்துவிட்டானே!" என்று கேலி செய்வார்கள் சிலர். அவர்களுக்குச் சொல்வேன்: வேலையில்லாத் திண்டாட்டத்தைத்தான் பேசுகிறேன், ஐயா! கடலூரிலே படித்த பிள்ளை, சிதம்பரத்திலே பட்டம் வாங்கிய பெண், மூட்டையைக் கட்டிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் இரயில் ஏறுகிறார்களே, எதற்காக? அவர்கள் செய்யும் வேலைக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு நாற்காலி, தடைபடாத மின்சாரம், அறுபடாத இணைய இணைப்பு. ஐம்பது மேசை போடத் தக்க கூடம் நம்மூரில் கிடைக்காதபடியால் பெருங்குடியிலே ஒண்டிக் கிடக்கிறார்கள். இங்கோ, ஐம்பது மேசை போடத் தக்க கூடத்திலே உடைந்த நாற்காலி உறங்குகிறது!

பழைய கட்டடத்துக்கு இரண்டு வைத்தியர்கள் எப்போதும் காத்திருப்பார்கள். ஒருவர் இடிப்பு வைத்தியர். சுவரிலே ஒரு கீறல் கண்டால் போதும், "ஆயுள் முடிந்தது, அப்புறப்படுத்து" என்பார். இடித்தால் ஒரு டெண்டர், கட்டினால் ஒரு டெண்டர். பழுது பார்த்தால் என்ன மிச்சம்? மற்றொருவர் வெள்ளை வைத்தியர். அமைச்சர் வருகிறார் என்றால் ஏணியும் வாளியும் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். ஊறி உப்புப் பூத்த சுவருக்கு மேலே சுண்ணாம்பு, துருப்பிடித்த சன்னலுக்கு மேலே பச்சை வண்ணம். அடுத்த ஐப்பசி மழையிலே சுண்ணாம்பும் வண்ணமும் சேர்ந்து வழியும்.

இருவரையும் தள்ளி வைத்துவிட்டுக் கட்டடத்தைக் கேளுங்கள். அது தன் நோயைத் தானே சொல்லும்.

வெள்ளையர் காலத்துக் கட்டடத்துக்கு ஒரு குணம் உண்டு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த கனத்த சுவர். தேக்கு விட்டங்களுக்கு மேலே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி இட்டு இடித்து, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம். உயர்ந்த கூரை, எதிரும் புதிருமாகச் சன்னல்கள். சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் குளுகுளு! அந்தச் சுவர் ஈரத்தை உறிஞ்சும், மூச்சு விடுவதுபோல் வெளியேயும் விடும். நம்மவர் செய்யும் கொடுமை என்னவென்றால், அதன்மேல் சிமெண்டுப் பூச்சைப் பூசி மூச்சை அடைத்துவிடுகிறார்கள். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் சுவரையே தின்கிறது. பிறகு, "பார்த்தீரா, பழைய சுவர் பலவீனம்" என்று பழியும் அதன்மேல்தான்!

அறுபது, எழுபதுகளிலே எழுந்த கான்கிரீட் கட்டடங்களின் நோய் வேறு. கடலூர்க் காற்றிலே உப்பு இருக்கிறது. அது கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துருப்பிடித்த கம்பி பருக்கிறது. பருத்த கம்பி காரையைப் பிளந்து தள்ளுகிறது. கூரையிலிருந்து காரை பெயர்ந்து குமாஸ்தாவின் மேசையிலே விழுவது இதனால்தான். பெயர்ந்த இடத்தில் பூசி மறைத்தால் மூன்றாண்டில் மறுபடி விழும். கொத்தி எடுத்து, கம்பியைச் சுரண்டி, துருத் தடுப்புப் பூசி, தேவையான இடத்தில் புதுக் கம்பி கட்டி, அதன் பிறகு மூட வேண்டும். 2011ஆம் ஆண்டு டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததையும், 2015ஆம் ஆண்டு வெள்ளம் புகுந்ததையும் கண்ட மாவட்டம் இது. இங்கே மராமத்து என்பது மேக்கப் வேலையல்ல.

இன்னொன்று, கண்ணுக்குத் தெரியாதது: மின்கம்பி. நான்கு மின்விசிறி, ஆறு குழல்விளக்கு என்று கணக்குப் போட்டு அன்று இழுத்த கம்பியிலே இன்று குளிர்சாதனம், கணினி, அச்சுப்பொறி அத்தனையும் தொங்குகின்றன. விளைவு? சென்னைச் சேப்பாக்கத்திலே நவாபுகள் வாழ்ந்த மாளிகையில் ஒரு பகுதி, கலச மகால். அரசு அலுவலகங்கள் அங்கே இயங்கி வந்தன. 2012 ஜனவரியிலே தீப்பிடித்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரையே கொடுத்தார். காரணம் எதுவாயினும் ஆகட்டும்; பழைய மரக்கூரையின் கீழே பழைய காகிதமும் பழைய கம்பியும் கூடி வாழ்வது நெருப்புக்கு விருந்து வைப்பது அல்லவா? எரிந்ததை இடித்துவிடலாம் என்று வாதிட்டவர்கள் உண்டு. நல்லவேளை, இடிக்கவில்லை. சுண்ணாம்புக் காரை கொண்டே பொதுப்பணித் துறை அதைச் சீரமைத்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு அது இருப்பிடமாயிற்று. எழும்பூரிலே பழைய போலீஸ் கமிஷனர் அலுவலகம் 2021இல் காவல் அருங்காட்சியகமாகி, பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்கப்பட்டது. ஒரு காலத்திலே உள்ளே போகவே நடுங்கிய இடம்!

மாற்றுவது என்றால் எதை வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம் என்று பொருளல்ல. ஓமந்தூரார் வளாகத்தை மறந்துவிட்டோமா? கலைஞர் ஆட்சியிலே, சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமென்றே ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்து கொடுத்து எழுந்த கட்டடம். 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. 2011இல் ஆட்சி மாறிற்று. அம்மையார் ஜெயலலிதா அந்தப் படியை மிதிக்க மறுத்து, கிளைவ் நடமாடிய ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பினார். அதை மருத்துவமனையாக்குவோம் என்று அறிவித்து, 2014இல்தான் திறந்தார்கள். அங்கே படுத்த நோயாளிக்குக் கிடைத்த கட்டிலை நான் குறை சொல்லவில்லை. பிழைத்த உயிர்களெல்லாம் நம் உயிர்கள். ஆனால் கேட்கிறேன்: முதுமை வந்து தேடிய மாற்றமா அது? ஓராண்டுக் குழந்தைக்கு முதுகெலும்பு அறுவை! அண்ணாவின் பெயர் தாங்கிய கோட்டூர்புரம் நூலகத்தையும் 2011 நவம்பரிலே மருத்துவமனை ஆக்கப் பார்த்தார்கள். உயர் நீதிமன்றம் குறுக்கே நின்றதால் புத்தகங்கள் பிழைத்தன. தேவை பார்த்துக் கட்டடத்தை மாற்றுவது ஒன்று. கட்டியவன் யார் என்று பார்த்து மாற்றுவது வேறொன்று.

கடல் கடந்தும் ஒரு காட்சி காட்டுகிறேன். நியூயார்க்கிலே எம்பயர் ஸ்டேட் கட்டடம், 1931இல் எழுந்தது; வயதானபடியால், புதுக் கட்டடங்களோடு போட்டி போட முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. 2009இல் சீரமைக்கத் தொடங்கினார்கள். அதன் சன்னல்கள் 6,514. டாலர் தேசமாயிற்றே, கழற்றி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை! கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, அதே கண்ணாடிகளைக் கழற்றிப் புதுப்பித்து, இடையிலே வெப்பம் தடுக்கும் படலம் வைத்துத் திரும்ப மாட்டினார்கள். விளக்கு, குளிர்சாதனம் எல்லாவற்றையும் சேர்த்து எரிசக்திச் செலவை 38 விழுக்காடு குறைப்பது அந்தத் திட்டத்தின் கணக்கு. பெரிய நிறுவனங்கள் அங்கே தேடி வந்து குடிபுகுந்தன. செல்வத்திலே புரளும் நாட்டுக்காரன் பழைய கண்ணாடியைத் துடைத்து மாட்டுகிறான். நாம் தேக்கு விட்டத்தை விறகு விலைக்கு ஏலம் விடுகிறோம்!

சரி, சீர்செய்தோம், யாருக்குக் கொடுப்பது? என் கவலை முழுவதும் இங்கேதான். மக்கள் வரிப்பணத்தில் நிற்கும் கட்டடத்தை முப்பது ஆண்டுக் குத்தகைக்கு ஒரு பணமூட்டையிடம் ஒப்படைத்துவிட்டு, வாசலிலே சீருடைக் காவலாளியை நிறுத்தினால், துரை போய் மற்றொரு துரை வந்ததாகத்தான் பொருள். கீழ்த்தளம் பொதுமக்களுக்கு: இ-சேவை மையம், போட்டித் தேர்வுப் படிப்பகம், மகளிர் குழுக்களின் விற்பனைக் கூடம். மேல்தளம் வாடகைக்கு: சிறு மென்பொருள் நிறுவனம், கணக்கர், வரைபடக்காரர். ஒரு மேசை மட்டும் வேண்டுமென்று வரும் இளைஞனுக்கு ஒரு மேசை. வருகிற வாடகையிலே ஒரு பங்கை அந்தக் கட்டடத்தின் மராமத்துக்கென்றே தனிக் கணக்கில் வைக்க வேண்டும். வாடகை கஜானாவுக்குப் போய்விடுகிறது. ஓட்டை அடைக்கப் பணம் கேட்டால் "நிதி இல்லை" என்று கோப்பு திரும்பி வருகிறது. பாதிக் கட்டடங்கள் செத்தது இந்த வியாதியால்தான்.

கடலூரிலிருந்து தெற்கே சிதம்பரம் போனாலும் இதே கதைதான், உருவம் மட்டும் வேறு. 1929இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசு ஏற்றது. மிகுதியாயிருந்த ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேறு துறைகளுக்கு அனுப்பப்பட்டார்கள். ஆள் போன இடத்திலே அறை எஞ்சும் அல்லவா? அந்த அறைகளைக் கணக்கெடுத்து, படித்து முடித்த மாணவர் தொழில் தொடங்க ஓராண்டு, ஈராண்டு குறைந்த வாடகைக்குக் கொடுத்தால் என்ன? ஊருக்குள்ளே தேரோடும் நான்கு வீதிகளிலும் திண்ணை வைத்த பழைய வீடுகள் வக்கீல் ஆபீசாக, வங்கியாக, பயிற்சி நிலையமாக ஆகியிருக்கின்றன. பலவற்றில் வாய்ப்பேச்சு வாடகை, எழுத்து இல்லை. "நான் ஏன் செலவழிக்க வேண்டும்? நாளைக்கே காலி செய் என்பாரே" என்கிறார் குடியிருப்பவர். "வாடகை ஏற்றித் தராதவருக்கு நான் ஏன் ஓடு மாற்ற வேண்டும்?" என்கிறார் வீட்டுக்காரர். இடையிலே சுவர் சாய்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுதிப் பதிய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் சட்டம் இயற்றி, 2019இல் நடைமுறைக்கும் கொண்டு வந்தாயிற்று. மராமத்தில் எது யார் பொறுப்பு என்பதையும் அது சொல்கிறது. அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டால் இருவருக்கும் நிம்மதி.

நந்தனை நெருப்பிலே இறக்கிய பிறகுதான் உள்ளே விட்டார்கள் என்று கதை சொல்லும் ஊர் சிதம்பரம். வாசல் என்றால் என்ன என்பது நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பெயர் வேண்டாம், ஓர் அலுவலகத்திலே கண்டேன்: கைகளை ஊன்றித் தவழ்ந்து வந்த முதியவர் ஒருவர், ஏழு படிகளுக்குக் கீழே மனுவோடு உட்கார்ந்திருந்தார். மேலேயிருந்து ஒருவர் இறங்கி வந்து மனுவை வாங்கிப் போனார். என்ன ஆயிற்று என்று சொல்லத் திரும்ப இறங்கவில்லை. புதிதாக வண்ணம் பூசிய கட்டடம் அது! மாற்றுத் திறனாளிகள் என்ற கண்ணியமான சொல்லை நாட்டுக்குத் தந்தவர் கலைஞர். 2016ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், பொதுக் கட்டடங்கள் அனைத்தையும், பழையன உட்பட, அவர்கள் தடையின்றிப் புழங்கும்படி ஐந்தாண்டுக்குள் மாற்ற வேண்டும் என்றது. விதிகள் 2017 ஜூனிலே வந்தன. கெடு 2022 ஜூனிலே முடிந்தது. படிகள்?

சாய்தளம், சக்கர நாற்காலி நுழையும் அகலத்திலே கதவு, பெண்களுக்குத் தண்ணீர் வரும் கழிப்பறை: இவை மூன்றும் இல்லாத சீரமைப்பை நான் சீரமைப்பு என்று ஒப்பமாட்டேன். ஊழியத்துக்கு வரும் பெண், காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்றால், அந்தக் கட்டடத்துக்குப் பளிங்குத் தரை எதற்கு?

"பழைய கட்டடத்திலே போய்ப் புதிய வாழ்வா?" என்று முகம் சுளிப்போருக்கு ஒன்று நினைவூட்டுவேன். 1951இல் கழகம் இராயபுரத்திலே அறிவகம் என்று பெயரிட்டுத் தலைமை நிலையம் கண்டதே, விலைக்கு வாங்கிய வீட்டிலேதான். முடிதிருத்தகத்திலும் தேநீர்க் கடைத் திண்ணையிலும் படிப்பகம் நடத்தி வளர்ந்தவர்கள் நாம்; கூரை பழையது என்பதற்காகக் கூச்சப்பட்டதில்லை.

ஆகவே, மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரத்திலோ ஒரு பொதுக் கட்டடத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவதைக் கண்டால், தோழர்களே, வேடிக்கை பார்த்துவிட்டு நகராதீர்கள். மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். சுவர் சுண்ணாம்பா சிமெண்டா என்று சோதித்தார்களா, மின்கம்பி முழுவதும் மாறுகிறதா, சாய்தளத்துக்கு எத்தனை ரூபாய், வண்ணத்துக்கு எத்தனை ரூபாய், வேலை முடிந்த பின் யாருக்கு, எந்த வாடகைக்கு என்று வரி வரியாகப் பாருங்கள். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வெள்ளைத் தாளிலே விண்ணப்பம், பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளிலே பதில்.