வெப்ப ஏற்புத்திறனின் குறி மட்டும் போதாது

கருந்துளை வெப்பவியக்கவியல் பற்றி நம் இதழுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்பத் தென்படுகிறது: வெப்ப ஏற்புத்திறன் எதிர்க்குறி பெறுவதால் இக்கருந்துளை நிலையற்றது. அதற்கு மேல் விளக்கம் இருப்பதில்லை. எந்த என்செம்பிளில் நிலையற்றது, எதை மாறாமல் வைத்து வகைக்கெழு எடுக்கப்பட்டது, எந்த உலைவு வளர்கிறது, எவ்வளவு காலத்தில் வளர்கிறது என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமலே கட்டுரை அடுத்த வரைபடத்துக்குப் போய்விடுகிறது. இந்த வாக்கியத்தை இனி இப்படியே அச்சேற்றுவதில்லை என்று ஆசிரியர் குழு முடிவெடுத்திருக்கிறது. காரணத்தை விரிவாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஹாக்கிங் 1974-இல் காட்டிய வெப்பநிலை, சூரியனின் நிறையுள்ள ஸ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளைக்குச் சுமார் 6×10⁻⁸ கெல்வின். நிறை கூடக் கூட அது இறங்கும். ஆகவே வெப்ப ஏற்புத்திறன் எதிர்க்குறி. 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சில் மிதக்கும் அத்தகைய கருந்துளை, உமிழ்வதைவிட அதிகமாக விழுங்கி, மேலும் குளிர்ந்துகொண்டே போகும். முடிவிலா வெப்பத் தேக்கத்தோடு ஆற்றலைப் பரிமாறிக்கொள்ளும் கருந்துளை சமநிலையில் தங்காது என்பதை இது நிறுவுகிறது. கனோனிக்கல் என்செம்பிள் பற்றிய முடிவு அது. தனித்து விடப்பட்டு, நிறை மாறாமல் இருக்கும் கருந்துளையைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. ஈர்ப்பால் கட்டுண்ட அமைப்புகளுக்கு இந்த நிலைமை புதிதும் அல்ல. விண்மீன் கொத்துகளில் இதன் விளைவை லிண்டன்-பெல்லும் வுட்டும் 1968-இலேயே விவரித்துவிட்டார்கள். தாணு பத்மநாபன் 1990-இல் எழுதிய நீண்ட திறனாய்வு, ஈர்ப்பு அமைப்புகளில் என்செம்பிள்கள் ஒன்றுக்கொன்று ஈடாகாமல் போவதை மிகத் தெளிவாகக் காட்டுகிறது. கருந்துளையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர், ஒரு மெட்ரிக்கை எழுதிக்கொள்வதற்கு முன் அதைப் படித்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எல்லை நிபந்தனைக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு 1986-இல் யார்க் செய்த கணக்கைவிடச் சிறந்த சான்று இல்லை. கருந்துளையைக் கோள வடிவச் சுவருக்குள் வைத்து, சுவரின் வெப்பநிலையை அவர் நிலைநிறுத்தினார். சுவரின் ஆரம் நிகழ்வு எல்லை ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்குக்குக் குறைவாக இருந்தால் வெப்ப ஏற்புத்திறன் நேர்க்குறி. அதைவிடப் பெரிதானால் எதிர்க்குறி. கருந்துளையின் நிறை அதேதான், நிகழ்வு எல்லை அதேதான். சுவரை நகர்த்தியதில் குறி மாறிவிட்டது. ஆன்டி டி சிட்டர் வெளியில் அண்டவியல் மாறிலியே அந்தச் சுவரின் வேலையைச் செய்கிறது என்பதைத்தான் அதற்கு மூன்றாண்டுகள் முன்பே ஹாக்கிங்கும் பேஜும் கண்டிருந்தார்கள். ஆகவே இந்தக் குறியைக் கருந்துளைக்கு மட்டுமே உரிய பண்பாக எழுதுவது பிழை. அது கருந்துளையும் சுற்றுப்புறமும் சேர்ந்த அமைப்பின் பண்பு.

இனி இயக்கவியல் நிலைப்புக்கு வருவோம். ரெஜ்ஜியும் வீலரும் 1957-இல் தொடங்கிய உலைவுக் கணக்கை, ஸ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளைக்கு 1970-இல் முறையாக முடித்துவைத்தவர் சி.வி. விஸ்வேஸ்வரா, பின்னாளில் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு கோளரங்கத்தை உருவாக்கியவர். காலத்தில் வளரும் அலைவுமுறை எதுவும் இல்லை என்று அவர் காட்டினார். அதே ஆண்டில், உலுக்கப்பட்ட கருந்துளை தன் குறிப்பிட்ட அதிர்வெண்களில் ஒலித்து அடங்கும் என்பதையும் கண்டார். அரை நூற்றாண்டு கழித்து, 2021-இல், டாஃபர்மோஸ், ஹோல்ட்செகல், ராட்னியன்ஸ்கி, டெய்லர் ஆகியோர் நேரிலா நிலைப்பையே நிறுவினார்கள்; கோண உந்தம் இறுதியில் மறையும்படி தேர்ந்த தொடக்கத் தரவுகளுக்கு, சமச்சீர் எதையும் முன்கூட்டி எடுத்துக்கொள்ளாமல். எதிர்க்குறி வெப்ப ஏற்புத்திறன் கொண்ட கருந்துளைகளில் தலையாயது இதுவே. நிலைப்பு கணித வழியில் மிக உறுதியாக நிறுவப்பட்டிருப்பதும் இதற்கே.

சுழலும் கருந்துளையில் முரண் இன்னும் கூர்மையாகிறது. கோண உந்தத்தை மாற்றாமல் வெப்ப ஏற்புத்திறனைக் கணக்கிட்டால், கெர் கருந்துளையின் பரிமாணமற்ற சுழற்சி அளவு சுமார் 0.68-ஐத் தொடும்போது அது முடிவிலியாகி, எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறிக்கு மாறுகிறது. டேவீஸ் 1977-இல் சுட்டிக்காட்டியதால் அவர் பெயரால் வழங்கும் புள்ளி இது. குறியைக் கொண்டே தீர்ப்புச் சொல்வோமானால், மெதுவாகச் சுழல்பவை நிலையற்றவை, வேகமாகச் சுழல்பவை நிலையானவை என்று எழுத வேண்டிவரும். ஆனால் ஜார்ஜி, கிளைனர்மன், செஃப்டெல் ஆகியோர் 2022-இல் முடித்த நேரிலா நிலைப்பு நிறுவல் மெதுவாகச் சுழலும் கெர் கருந்துளைகளுக்குத்தான். மறுகோடியில், உச்சச் சுழற்சியில், நிகழ்வு எல்லையின் மீதே சில வகைக்கெழுக்கள் காலத்தோடு வளர்வதை அரெட்டாகிஸ் காட்டியிருக்கிறார்.

இயற்கையும் இந்தப் புள்ளியைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. சுழற்சியற்ற, சம நிறையுள்ள இரு கருந்துளைகள் இணைந்தால் உருவாகும் கருந்துளையின் சுழற்சி 0.69 அளவில் இருக்கும் என்பதை எண்ணியல் சார்பியல் தருகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ பதிவுசெய்த முதல் இணைவில் இறுதிச் சுழற்சி சுமார் 0.67, டேவீஸ் புள்ளி அதன் பிழை எல்லைக்குள்ளேயே அடங்குகிறது. நாம் கேட்டுவரும் இணைவுகளில் பல இந்தப் புள்ளியின் இருமருங்கிலும்தான் போய் அமைகின்றன. அடங்கும் ஒலியில் எந்த முறிவும் இல்லை, அதிர்வெண்களில் எந்தத் தாவலும் இல்லை. டேவீஸ் புள்ளியை எந்த விளக்கமும் இன்றி நிலைமாற்றம் என்று எழுதுபவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். அந்தப் புள்ளியைத் தாண்டிய வேகத்தில்கூட, கோண உந்தமும் மாறலாம் என்று அனுமதித்து முழு ஹெஸ்ஸியன் அணியைப் பார்த்தால் கெர் கருந்துளை வெப்பவியக்க நிலைப்பைப் பெறுவதில்லை. மாறிகளில் ஒன்றை மட்டும் பார்த்ததால் கிடைத்த நேர்க்குறி அது.

அப்படியானால் வெப்பவியக்கக் கணக்கு இயக்கவியலுக்கு எதையுமே சொல்வதில்லையா? சொல்கிறது, அதுவும் மிக ஆழமாக. இந்தத் துறையின் அழகான முடிவுகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அவசர வாக்கியங்கள் வருத்தம் தருகின்றன.

ஸ்வார்ட்ஸ்சைல்டு கருந்துளையை ஐந்தாவது பரிமாணத்தின் வழியே நீட்டினால் ஒரு கருஞ்சரடு கிடைக்கும். அதன் நீளத்தில் அலைபோலப் பரவும் உலைவுகள், அலைநீளம் நிகழ்வு எல்லை ஆரத்தின் சுமார் 7 மடங்கைத் தாண்டினால் அடுக்குக்குறி வேகத்தில் வளர்கின்றன என்று 1993-இல் கிரிகரியும் லஃப்லாமும் கண்டார்கள். பிளாங்க் மாறிலி எங்கும் நுழையாத, முற்றிலும் செவ்வியல் நிலையின்மை இது. இதற்குப் பதினோராண்டுகளுக்கு முன், கிராஸ், பெர்ரி, யாஃபே ஆகியோர் யூக்ளிடிய பாதைத் தொகையீட்டில் ஸ்வார்ட்ஸ்சைல்டு தீர்வைச் சுற்றி ஒரே ஓர் எதிர் ஐகன் மதிப்பைக் கண்டிருந்தார்கள். எதிர்க்குறி வெப்ப ஏற்புத்திறனின் தடயம் அது. இரண்டும் ஒன்றே என்பதை 2001-இல் ரியல் விளக்கினார்: சரடில் நிலையின்மை தொடங்கும் அலை எண்ணின் வர்க்கம், அந்த எதிர் ஐகன் மதிப்பின் அளவுக்குச் சரியாகச் சமம். குவாண்டம் கணக்கில் கிடைத்த ஓர் எண், ஐன்ஸ்டைன் சமன்பாடுகளின் செவ்வியல் அலையாக மறுபடி தோன்றுகிறது.

கருந்துளையில் தலைகாட்டாத நிலையின்மை சரடில் ஏன் வெளிப்படுகிறது? கப்சரும் மித்ராவும் 2000-இல் ஊகமாக முன்வைத்ததன் பெரும்பகுதிக்கு 2013-இல் ஹாலண்ட்ஸும் வால்டும் தந்த விடை தெளிவானது. தனிக் கருந்துளையின் மீது உலைவு ஏற்படும்போது மொத்த நிறையும் கோண உந்தமும் மாறாது. வெப்ப ஏற்புத்திறனின் எதிர்க்குறியோ நிறை மாறும் திசையில்தான் இருக்கிறது. அந்தத் திசை கருந்துளைக்கு மூடப்பட்டிருக்கிறது. சரடில் அப்படியில்லை. மொத்த நிறை மாறாமலே ஓரிடத்தில் கூடி இன்னோரிடத்தில் குறையலாம். சரடின் ஒரு பகுதி மறுபகுதிக்கு வெப்பத் தேக்கமாகிவிடுகிறது. அலைநீளம் போதுமான அளவு நீண்டால், கனோனிக்கல் என்செம்பிளின் நிலையின்மை மைக்ரோ கனோனிக்கல் அமைப்புக்குள்ளேயே இயக்கமாக வெளிப்படுகிறது. எந்த உலைவுகள் அனுமதிக்கப்படுகின்றன என்பதைச் சொல்லாமல் நிலைப்பைப் பற்றிப் பேச முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மாறாப் பண்பு எதுவும் இல்லாத ஸ்கேலார் புலங்கள் சேரும்போது கப்சர்–மித்ரா ஊகம் தோற்பதை, கப்சரும் மித்ராவும் ஃப்ரீஸுடன் சேர்ந்து 2005-இல் தாங்களே எடுத்துக்காட்டினார்கள். தொடர்பு உண்டு, ஆனால் ஒவ்வொரு முறையும் அதை நிறுவ வேண்டும்.

நாம் பெறும் கட்டுரைகளில் பெரும்பான்மை வேறொரு தடத்தில் போகிறது. அண்டவியல் மாறிலியை அழுத்தமாகவும் நிறையை என்தால்பியாகவும் கொள்ளும் வழியை 2009-இல் காஸ்டர், ரே, டிராஷென் திறந்தார்கள். மின்னூட்டம் பெற்ற ஆன்டி டி சிட்டர் கருந்துளையில் வான் டெர் வால்ஸ் வாயுவின் 3/8 என்ற மாறுநிலை விகிதம் அப்படியே வருவதை 2012-இல் குபிஸ்னாக்கும் மானும் காட்டினார்கள். அது உண்மையான கண்டுபிடிப்பு. அதன் பிறகு, புதிய மெட்ரிக் ஒன்றை எடுத்து, அதே வரைபடங்களை வரைந்து, அதே சொற்றொடர்களோடு முடிக்கும் பழக்கம் பரவிவிட்டது. பார்டீன் வகை ஒழுங்குக் கருந்துளைகளில், நிறையே லக்ராஞ்சியனுக்குள் ஒரு மாறிலியாக உட்கார்ந்திருக்கும்போது, அதை மாற்றி எழுதும் முதல் விதி ஒரு கோட்பாட்டிலிருந்து இன்னொரு கோட்பாட்டுக்குத் தாவுவதாகும். இந்தத் தாவலைக் கவனிக்காமல் கணக்கிடும் வெப்ப ஏற்புத்திறனுக்கு என்ன பொருள்?

என்ட்ரோபியின் மடக்கைத் திருத்தத்தில் நடப்பது இன்னும் கவலை தருகிறது. 2000-இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் ரோமேஷ் கவுலும் பார்த்தசாரதி மஜும்தாரும் குவாண்டம் வடிவியலிலிருந்து மடக்கைத் திருத்தம் ஒன்றைப் பெற்றார்கள். ஈராண்டுகளில் சௌரிய தாஸ், மஜும்தார், பாதுரி ஆகியோர் வெப்ப ஏற்ற இறக்கங்களிலிருந்து எழும் பொதுத் திருத்தத்தைத் தந்தார்கள்: வெப்ப ஏற்புத்திறனை வெப்பநிலையின் வர்க்கத்தால் பெருக்கி, மடக்கை எடுத்து, பாதியைக் கழிக்க வேண்டும். சமநிலையைச் சுற்றிய ஏற்ற இறக்கம் என்பதால் வெப்ப ஏற்புத்திறன் நேர்க்குறியாக இருந்தால்தான் இது பொருந்தும். அந்த நிபந்தனை சூத்திரத்திலேயே இருக்கிறது, எதிர்க்குறி எண்ணுக்கு மெய் மடக்கை கிடையாது. இன்று பலர் வெப்ப ஏற்புத்திறன் இருந்த இடத்தில் என்ட்ரோபியை வைத்துவிடுகிறார்கள். நிபந்தனை கண்ணிலிருந்து மறைகிறது. நிலையற்ற கருந்துளைக்கும் சூத்திரம் ஓர் எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைக் கொண்டே கருந்துளை நிலைபெற்றுவிட்டது என்று முடிவுரை எழுதப்படுகிறது. நிலைப்பை எடுத்துக்கொண்டு தொடங்கிய ஒரு கணக்கு நிலைப்பை நிறுவ முடியாது. இத்தகைய கட்டுரைகளை மதிப்பீட்டாளர்கள் கண்டிப்போடு திருப்பி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

இனி நிலைப்பைப் பற்றி முடிவு சொல்லும் ஒவ்வொரு கட்டுரையும் தன் என்செம்பிளையும் எல்லை நிபந்தனையையும் வெளிப்படையாக எழுத வேண்டும். மாறக்கூடிய மாறிகள் ஒன்றுக்கு மேற்பட்டால் முழு ஹெஸ்ஸியனைத் தர வேண்டும். நிலையற்றது என்ற சொல் இயக்கவியல் பொருளில் வருமானால் வளரும் உலைவு ஒன்றையாவது காட்ட வேண்டும், அல்லது ஹாலண்ட்ஸ்–வால்டு வகை வாதத்தால் அதன் இருப்பை நிறுவ வேண்டும். இதனால் கட்டுரைகள் எண்ணிக்கையில் குறையலாம், அதை ஏற்கிறோம். தொலைவில் உள்ள கல்லூரிகளில், கணினி வசதி அதிகமின்றி வேலை செய்பவர்களுக்கு இது சுமையாகிவிடக் கூடாது என்பதையும் விவாதித்தோம். கோளச் சமச்சீர் கொண்ட நான்கு பரிமாண மெட்ரிக்குகளுக்கு உலைவுக் கணக்கு பெரும்பாலும் ஒரே ஓர் இரண்டாம் படி வகைக்கெழுச் சமன்பாட்டில் வந்து நிற்கும். சாதாரண மடிக்கணினி போதும். கணிக்கும் முறையை விளக்கும் பயிற்சிக் கட்டுரை ஒன்றை அடுத்த இதழில் வெளியிடுகிறோம். நாம் முன்பே வெளியிட்ட முடிவுகளை இந்த நோக்கில் மறுபடி சோதிக்கும் குறுங்கட்டுரைகளுக்கும் தனிப் பகுதி ஒதுக்கியிருக்கிறோம். ஆன்டி டி சிட்டர் வெளியில் வேகமாகச் சுழலும் சிறிய கருந்துளைகளுக்கு அதில் முன்னுரிமை உண்டு: சுழற்சியிலிருந்து அலைகள் ஆற்றலைப் பறித்து, எல்லையில் எதிரொளித்து, மீண்டும் பறிக்கும் நிலையின்மை அங்கே உண்டு, வெப்ப ஏற்புத்திறனின் வரைபடத்தை மட்டும் பார்த்தால் அது தெரியவே தெரியாது.