பிழையான காசு லட்சத்துக்குப் போகுமா? நம்பும் முன் பார்க்க வேண்டியவை

'இந்த ஒரு ரூபாய் உங்ககிட்ட இருந்தா நீங்க லட்சாதிபதி!' இப்படி ஒரு ரீல்ஸ் உங்கள் ஃபீடில் வந்திருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பிலும் யாராவது ஃபார்வர்ட் செய்திருப்பார்கள்.

இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. நாணயச்சாலையில் தவறாக அச்சான காசுகளை, சேகரிப்பாளர்கள் முகமதிப்பைவிட அதிகம் கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் 'எரர் காயின்' என்று விற்பனைக்கு வரும் எல்லாமே பிழையான காசு அல்ல.

எது உண்மையான பிழை?

வெற்று உலோக வட்டு ஒரு வளையத்துக்குள் உட்காரும். மேலும் கீழும் இருக்கும் அச்சுகள் அதை ஓங்கி அழுத்தும். அந்த நொடி வரை நடக்கும் தவறுதான் பிழை. அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் வெறும் சேதம்.

பிழையே இல்லாத 'பிழை'கள்

'மின்ட் மார்க் இல்லாத அபூர்வ காசு' என்பார்கள். மும்பை காசில் வைரக் குறி, ஹைதராபாத் காசில் நட்சத்திரம், நொய்டா காசில் புள்ளி இருக்கும். கொல்கத்தா காசில் குறியே இருக்காது. அதாவது, குறி இல்லாததுதான் கொல்கத்தாவின் அடையாளம்!

'ரூபாய் சின்னம் இல்லாத 10 ரூபாய்' இன்னொன்று. அந்தச் சின்னம் நாணயங்களுக்கு வந்ததே 2011-ல்தான். அதற்கு முன் அச்சானதில் எப்படி இருக்கும்? 10 ரூபாயில் 14 வடிவங்கள் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-லேயே விளக்கிவிட்டது.

பட்டறையில் செய்த பிழையை எப்படிப் பிடிப்பது?

கோடு: காசின் மேல் கோடு மேடாக இருந்தால் அச்சில் விரிசல் விழுந்திருக்கலாம். பள்ளமாக இருந்தால் அது பெரும்பாலும் கீறல்தான்.

ஓரம் வெட்டுப்பட்டது: வட்டு தயாராகும்போதே வெட்டுப்பட்டிருந்தால், பெரும்பாலும் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்து விளிம்பும் மங்கலாக இருக்கும். எதிர் விளிம்பு கச்சிதமாக இருந்து, வெட்டில் அரத்தின் தடமும் தெரிந்தால், வாங்காதீர்கள்.

கண்ணாடிப் பிம்பம்: முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த வட்டில் அதன் உருவம் இடவலம் மாறி, பள்ளமாகப் பதியும். போலி செய்பவர்கள் இரண்டு காசை வைத்து நெரிப்பார்கள். அதில் பழைய உருவம் நசுங்கி அடியில் தெரியும்.

இரண்டு பக்கமும் ஒரே உருவம்: 'ஷோலே'யில் அமிதாப் வைத்திருந்த மாதிரி காசு. பெரும்பாலும் இரண்டு காசைக் குடைந்து ஒட்டியது. விளிம்பின் உள்பக்கம் மெல்லிய இணைப்புக் கோடு இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள்.

எடை: 2011 வரிசை ஒரு ரூபாய் 3.79 கிராம், 10 ரூபாய் 7.71 கிராம். உருவம் தள்ளி அச்சான காசாக இருந்தாலும் வட்டு முழுசாக இருந்தால் எடை மாறாது. சின்ன டிஜிட்டல் தராசே போதும்.

சரி, எவ்வளவு கிடைக்கும்?

விளம்பரத்தில் போட்டிருப்பது கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் ஒரு கோடி கேட்கலாம். உங்களுக்கு வேண்டியது விற்ற விலை. அதை நாணய ஏல நிறுவனங்களின் முடிந்த ஏலப் பட்டியலில் பாருங்கள். பிழை எவ்வளவு பெரியது, காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது, அதைத் தேடுபவர்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்து விலை அமையும். லேசாகத் தள்ளி அச்சான சில்லறைக் காசு யாரையும் பணக்காரர் ஆக்காது.

உண்மையான ஆபத்து எங்கே?

போலிக் காசை வாங்கி ஏமாறுவது சின்ன நஷ்டம். பெரிய நஷ்டம் விற்கப் போகிறவருக்குத்தான். 'உங்க காசுக்கு 5 லட்சம் தர்றோம், முதல்ல வரி கட்டுங்க, கமிஷன் அனுப்புங்க' என்று போன் வரும். ரிசர்வ் வங்கியின் பெயரையும் லோகோவையும் காட்டுவார்கள். இப்படிப்பட்ட வியாபாரத்தில் தாங்கள் இல்லை, எந்தக் கட்டணமும் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.

வாங்குகிறவர்தான் பணம் தர வேண்டும். அவரே உங்களிடம் பணம் கேட்டால், அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள். குரூப்பில் அந்த வீடியோவைப் போட்ட மாமாவுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.