கை ஓடவேண்டாம், கர்சர் ஓடட்டும்!

உத்தமபாளையத்தில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் டைப் அடித்துக் கொடுக்கும் சகோதரி ஒருவர், "சாயங்காலமானால் வலது மணிக்கட்டு விண்விண்ணென்று தெறிக்கிறது, தோசைக்கல்லைக்கூடத் தூக்க முடியவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

டைப்ரைட்டிங் படித்தவர்களுக்குத் தெரியும், விரல்கள் நடு வரிசையிலேயே இருக்கவேண்டும். ஆனால் கர்சரை நகர்த்த, அம்புக்குறிக்கும் மவுசுக்கும் கை ஓயாமல் ஓடுகிறதே! அஞ்சறைப்பெட்டியைப் பரண்மேல் வைத்துவிட்டுச் சமைக்கிற கதைதான்.

கன்ட்ரோலோடு அம்புக்குறியை அழுத்துங்கள். எழுத்தெழுத்தாக நகராமல் சொல் சொல்லாகத் தாவும். ஹோம் வரியின் தொடக்கத்துக்கு, எண்ட் முடிவுக்கு.

இன்னும் சௌகரியம் வேண்டுமா? எம்.எஸ். வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், கஸ்டமைஸ் ரிப்பன் என்று போங்கள். அடியில் 'கீபோர்டு ஷார்ட்கட்ஸ்' பக்கத்தில் 'கஸ்டமைஸ்' இருக்கும். 'ஆல் கமாண்ட்ஸ்' பட்டியலில் சார்லெஃப்ட், சார்ரைட், லைன்அப், லைன்டவுன் ஆகியவற்றுக்கு முறையே ஆல்ட்டோடு ஜே, எல், ஐ, கே கொடுத்து 'அசைன்' செய்யுங்கள். அந்தச் சாவிக்கு ஏற்கெனவே வேறு வேலை இருந்தால் அங்கேயே காட்டும்.

இது புதுசல்ல. 1976-ல் அமெரிக்காவில் பில் ஜாய் உருவாக்கிய 'விஐ' எடிட்டரில் ஹெச், ஜே, கே, எல் சாவிகளே கர்சரை நகர்த்தின.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். இரவில் விரல்கள் மரத்துப்போனால் தைலத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவது கர்ப்பிணிகளுக்கும் வருவதுண்டு. சம்பாத்தியம் முக்கியம்தான், குழந்தையைத் தூக்கும் கை அதைவிட முக்கியம்!