துர்நடத்தைச் சீட்டைத் திருத்துவது தயவா, கடமையா?

பட்டாளத்தில் சேவித்த ஒருவன் "துர்நடத்தை" என்று எழுதப்பட்ட சீட்டுடன் வெளியே தள்ளப்படுகிறான். பல ஆண்டு கழித்து அவன் அதே சர்க்காரிடம் சென்று, என் சீட்டில் எழுதியிருப்பது நியாயமல்ல, அதை எடுத்துப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று மனுச் செய்து கொள்ளுகிறான். அம்மனுவைக் கவனிப்பது சர்க்காரின் கடமையா? அல்லது அவர்கள் மனம் வைத்தால் செய்யக்கூடிய தயவா? தயவுதான் என்பது சர்க்கார் கட்சி. அது மாத்திரமல்ல, பழைய கட்டுகளை அவிழ்த்துப் பார்த்தால் பட்டாளத்தின் கட்டுப்பாடே குலைந்துவிடும் என்று பயமுறுத்தும் கனவான்களும் இருக்கிறார்கள். இக்கூற்று எவ்வளவு தூரம் யோக்கியமானது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு அமெரிக்காவை எடுத்துக் கொள்ளுகிறோம். ஏனெனில், அங்கே இம்மனுக்களுக்கென்றே சட்டமும் போர்டுகளும் ஏற்பட்டு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகின்றன. அநியாயமும் அங்கே ஏராளமாக நடந்திருக்கிறது. அது எழுத்திலும் பதிந்திருக்கிறது.

அந்நாட்டில் சிப்பாய்க்குக் கொடுக்கப்படும் விலக்குச் சீட்டு பெரும்பாலும் ஐந்து தரப்படும். முதல் தரம் கௌரவமான விலக்கு. அதற்கு அடுத்தது, கௌரவ நிபந்தனைக்குட்பட்ட பொது விலக்கு. மூன்றாவது, கௌரவத்திற்குக் குறைந்த விலக்கு. நான்காவது துர்நடத்தை விலக்கு; ஐந்தாவது அவமான விலக்கு. கடைசி இரண்டும் ராணுவக் கோர்ட்டு விசாரித்துத் தண்டித்தாலன்றிக் கிடையா. ஆனால் மூன்றாவது தரத்திற்குக் கோர்ட்டு வேண்டியதில்லை. மேலதிகாரிகளின் காகிதப் போக்குவரத்திலேயே காரியம் முடிந்துவிடும். அச்சீட்டைக் கையில் வாங்கினவனுக்குப் படிப்புதவி, வைத்திய உதவி முதலிய சலுகைகள் பெரும்பாலும் அடைபட்டுப் போகின்றன. வேலை கேட்கப் போகிற இடத்திலெல்லாம் அச்சீட்டு அவனுக்கு முன்னால் போய் நிற்கிறது. தோட்டத்திலே பெரட்டுக்களத்தில் பேர் வெட்டப்பட்டவன் அடுத்த தோட்டத்திலும் வேலை கிடைக்காமல் திரிவது எப்படியோ, அப்படியே இதுவும் என்று நம் நேயர்கள் வைத்துக் கொள்ளலாம்.

இனி 1906ஆம் ஆண்டு டெக்ஸாஸ் மாகாணத்துப் பிரௌன்ஸ்வில் நகரத்தில் நடந்ததைக் கேளுங்கள்.

அவ்வாண்டு ஜூலை மாதக் கடைசியில் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பு இனச் சிப்பாய்களின் மூன்று கம்பெனிகள் அந்நகரத்துக் கோட்டைக்கு வந்து சேர்ந்தன. ஊர் வெள்ளையர்களுக்கு அது பிடிக்கவில்லை. சிப்பாய்கள் வந்த சில தினங்களுக்குள்ளேயே அவமானங்களும் அடிதடிகளும் நடந்தன. ஆகஸ்டு 13ஆந் தேதி நடு இரவை ஒட்டி ஊர்த் தெருக்களில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சாராயக்கடைப் பணியாளர் ஒருவர் மாண்டார். போலீஸ் அதிகாரி ஒருவருக்குக் கை போயிற்று. சுட்டவர்கள் சிப்பாய்களே என்று ஊரார் கூறினார்கள். தெருவில் கிடந்தனவென்று ராணுவத் துப்பாக்கியின் வெற்றுத் தோட்டாக் கூடுகளைக் கொண்டுவந்து காட்டினார்கள்.

கோட்டையில் நடந்தது என்ன? சத்தம் கேட்டதும் சிப்பாய்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டார்கள். அவர்கள் கோட்டைக்குள் இருந்தார்கள். பொழுது விடிந்ததும் துப்பாக்கிகளைப் பரிசோதித்தார்கள். சுடப்பட்ட அடையாளம் காணப்படவில்லை. இதைச் சொன்னவர்கள் வெள்ளை அதிகாரிகளே. பன்னிரண்டு சிப்பாய்களைக் கைது செய்து கிராண்டு ஜூரியின் முன் கொண்டுபோனார்கள். டெக்ஸாஸ் ஜூரி! கறுப்பு மனிதனிடம் தயவு காட்டும் குணம் அதற்கு இருந்ததாக எவரும் சொல்லமாட்டார். அந்த ஜூரியே ஒருவன் மீதும் குற்றப் பத்திரிகை கொடுக்க முடியாமல் கைவிரித்தது.

ஆனால் ராணுவ இன்ஸ்பெக்டர் ஜெனரல் புதிதாக ஒரு நியாயத்தைக் கண்டுபிடித்தார். குற்றவாளி இன்னாரென்று எவனும் சொல்லாததால், எல்லோரும் சேர்ந்து மௌனச் சதி செய்கிறார்கள். ஆகையால் எல்லோரையும் தள்ளிவிட வேண்டும் என்பதே அது. தெரிந்தவன் சொல்லாமலிருக்கலாம், தெரியாதவன் எதைச் சொல்வான்? இந்தச் சின்னக் கேள்வி அந்தப் பெரிய மனிதருக்குத் தோன்றவில்லை. ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கும் தோன்றவில்லை. 1906 நவம்பரில், காங்கிரஸ் தேர்தல் முடிகிறவரை பொறுத்திருந்து, வடமாகாணக் கறுப்பர்களின் வோட்டுகளெல்லாம் பெட்டிக்குள் விழுந்த பின்பு, 167 சிப்பாய்களைக் கௌரவமின்றி விலக்கும் உத்தரவு வெளியாயிற்று. விசாரணை கிடையாது; சாட்சி கிடையாது; எதிர்வாதம் கிடையாது. திரும்பவும் பட்டாளத்தில் சேர முடியாது. சர்க்கார் சிவில் உத்தியோகத்திற்கும் தகுதி இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் சேவித்துப் பென்ஷனை எதிர்பார்த்திருந்தவர்களும் வெறுங்கையோடு வெளியேறினார்கள். மிங்கோ சாண்டர்ஸ் என்ற முதல் சார்ஜண்டு 26 ஆண்டு சேவித்தவர். 1898ஆம் ஆண்டுக் கியூபா யுத்தத்தில் அவர் படையினர் தங்கள் ரொட்டியை இதே ரூஸ்வெல்ட்டின் படையினரோடு பங்கிட்டுக் கொண்டார்கள் என்று எழுதப்பட்டிருக்கிறது. அந்த ரொட்டிக்குக் கிடைத்த பிரதி உபகாரம் இது!

ஒருவன் செய்ததாகச் சொல்லப்படும் குற்றத்திற்காக அவன் பிறந்த கூட்டம் முழுவதையும் தண்டிக்கும் தர்மம் நமக்குப் புதிதல்ல. சேரியில் ஒருவன் மேல் சந்தேகம் வந்தால் சேரி முழுவதையும் ஊரை விட்டு ஒதுக்கும் மகான்கள் நம்மவர்களிலும் உண்டு. அவர்களுக்குச் சாஸ்திரம் துணை. ரூஸ்வெல்ட்டுக்கு ராணுவக் கட்டுப்பாடு துணை.

ஒஹையோ மாகாணத்து செனட்டர் ஜோசப் ஃபோரேக்கர் இவ்விஷயத்தை விடாமல் கிளப்பினார். அவர் ஜனாதிபதியின் சொந்தக் கட்சிக்காரரே. செனட் சபையின் ராணுவக் கமிட்டி 1907லும் 1908லும் விசாரித்தது. பெரும்பான்மையோர் ஜனாதிபதி செய்தது சரியென்றே எழுதினார்கள். ஃபோரேக்கரின் அரசியல் வாழ்வு 1909ல் முடிந்தது. அதன் பிறகு ஏற்பட்ட ராணுவ விசாரணைக் கோர்ட்டு, 1910ல் 14 பேர் மாத்திரம் திரும்பச் சேரலாம் என்றது. ஏன் அந்த 14 பேர், ஏன் மற்ற 153 பேர் அல்ல என்பதற்கு மனத்திற்குப் பொருந்தும் காரணம் சொல்லப்படவில்லை.

பிறகு அறுபது ஆண்டு வரை கட்டு அவிழ்க்கப்படவில்லை. 1970ல் ஜான் வீவர் என்ற எழுத்தாளர் இவ்விஷயத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைக் கண்டு காங்கிரஸ் அங்கத்தினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் மசோதாக் கொண்டு வந்தார். அதன் பிறகே, 1972 செப்டம்பரில், ராணுவ இலாகா 167 பேரின் சீட்டுகளையும் கௌரவமான விலக்காக மாற்றியது. பெரும்பாலோர் அப்போது மண்ணுக்குள் இருந்தார்கள். மின்னியாபொலிஸ் நகரத்தில் ஒரு க்ஷவரக் கடையில் சுமார் 60 ஆண்டு செருப்புத் துடைத்துப் பிழைத்த டார்ஸி வில்லிஸ் என்ற 86 வயதுக் கிழவர் உயிரோடு இருந்து, 1973 பிப்ரவரியில் அச்சீட்டைத் தம் கையால் வாங்கினார்.

நிற்க. இது ஒரு ஜனாதிபதியின் பிடிவாதத்தால் நேர்ந்தது, அடிக்கடி நடப்பதல்ல என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். அப்படியானால் நீலச் சீட்டின் கதை என்ன? இரண்டாவது உலக யுத்தத்தின்போது கௌரவமும் இல்லாத, அவமானமும் இல்லாத ஒரு நடுச் சீட்டு நீலக் காகிதத்தில் அச்சிட்டு வழங்கப்பட்டது. 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை தரைப்படை கொடுத்த 48,603 நீலச் சீட்டுகளில் 10,806 கறுப்புச் சிப்பாய்களுக்குப் போயின. படையில் அவர்கள் தொகை நூற்றுக்கு 6.5, நீலச் சீட்டில் அவர்கள் பங்கு நூற்றுக்கு 22.2! ஒருபால் விருப்பமுடையவர்கள் என்று கண்டுபிடிக்கப்பட்டவர்களுக்கும் இதே காகிதம்தான். கோர்ட்டு தண்டிக்கவில்லையே, ஆகையால் சலுகை உண்டு என்றுதான் சட்டத்தைப் படித்தவர்கள் நினைப்பார்கள். சலுகை வழங்கும் இலாகாவோ நீலத்தைக் கண்டதும் கதவைச் சாத்தியது. பிட்ஸ்பர்க் கூரியர் என்னும் கறுப்பர் பத்திரிகை இதைக் கண்டித்து எழுதி எழுதி, 1946ல் காங்கிரஸ் கமிட்டியே இதைக் குறை கூறும்படி ஆயிற்று. 1947ல் நீலச் சீட்டு ஒழிந்தது. முன்பே வாங்கினவர்களின் கையிலிருந்தது தானாக ஒழியவில்லை. ஒவ்வொருவனும் மனுப் போட்டுக் கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த மனு எங்கே போகும்? 1944ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குச் சீட்டு மறுபரிசீலனைப் போர்டுகளை ஏற்படுத்தியது. 1946ஆம் ஆண்டுச் சட்டம் ராணுவப் பதிவுகளில் உள்ள பிசகையும் அநீதியையும் திருத்துவதற்குச் சிவிலியன்களைக் கொண்ட வேறு போர்டுகளுக்கு வழி செய்தது. நல்ல காரியம்தான்; இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அப்போர்டுகள் எந்த நினைப்புடன் மனுவைக் கையில் எடுக்கின்றன? சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் வேலையை ஒழுங்காகவே செய்திருப்பார் என்பதே அவற்றின் முதல் அனுமானம். அல்லவென்று ருசுப்படுத்துவது சிப்பாயின் பொறுப்பு. தண்டித்தபோது சர்க்கார் ருசுக் காட்டவில்லை; திருத்தும்போது மாத்திரம் சிப்பாய் ருசுக் காட்ட வேண்டுமாம்!

ருசு எங்கே இருக்கிறது? பதிவுகளை வைத்திருப்பது சர்க்கார். 1973 ஜூலையில் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பதிவுக் காப்பகத்தில் தீப்பிடித்து 160 லட்சத்துக்கு மேற்பட்ட கட்டுகள் வெந்து போயின. 1912 முதல் 1960 வரை தரைப்படையை விட்டு விலகியவர்களின் கட்டுகளில் நூற்றுக்கு 80 பங்கு சாம்பல். சர்க்கார் வீட்டுத் தீயில் எரிந்த காகிதத்திற்குச் சிப்பாய் எங்கே போய் நகல் வாங்குவான்?

மனநோய் விஷயம் இதைவிடக் கொடியது. யுத்த அதிர்ச்சியால் உண்டாகும் மனக்காயத்திற்கு அமெரிக்க மனநோய் வைத்தியச் சங்கம் இன்று வழங்கும் பெயரைத் தன் புத்தகத்தில் சேர்த்தது 1980ல். வியட்நாம் யுத்தம் 1975லேயே முடிந்துவிட்டது. அங்கிருந்து திரும்பி, தூக்கமின்றிக் குடித்து, சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தை விட்டுப் போனவனுக்குக் கிடைத்தது துர்நடத்தைப் பட்டம். வியாதிக்கு அன்று பெயரில்லை. குற்றத்திற்கு மாத்திரம் பெயர் இருந்தது. 2014ல்தான் ராணுவ மந்திரி ஹேகல், இப்படிப்பட்டவர்களின் மனுக்களைத் தாராளமாகக் கவனிக்க வேண்டுமென்று போர்டுகளுக்கு எழுதினார். 2017ல் இன்னும் விளக்கமான உத்தரவு வந்தது: மனக்காயம் இருந்ததா, சேவையின்போது இருந்ததா, அது நடத்தையை மன்னிக்கவோ குறைத்துப் பார்க்கவோ இடந்தருகிறதா, சீட்டின் கடுமையைவிட அது கனமானதா என்று கேட்கும்படி. வைத்தியர்கள் 1980ல் எழுதியது போர்டுகளுக்கு உத்தரவாக வந்து சேர 34 ஆண்டு பிடித்திருக்கிறது.

கட்டுப்பாடு குலையும் என்கிறவர்களுக்கு இப்போது பதில் சொல்லுவோம். மனுப் போட்டவர்கள் எல்லோரும் மாசற்றவர்கள் என்று நாம் வாதிக்கவில்லை. திருடினவனும் இருப்பான், தோழனை அடித்தவனும் இருப்பான். அவன் மனுவை விசாரித்துத் தள்ளுங்கள், யார் வேண்டாமென்கிறார்? ஆனால் விசாரியுங்கள். ஹூஸ்டன் நகரத்தில் 1917ல் நடந்தது பிரௌன்ஸ்வில்லைப் போன்றதல்ல. அங்கே 24ஆவது காலாட்படைச் சிப்பாய்கள் உண்மையிலேயே துப்பாக்கியோடு ஊருக்குள் சென்றார்கள். போலீஸாரும் ஊராரும் மாண்டார்கள். ஆயினும் 110 பேரைத் தண்டித்த முறை என்ன? 13 பேரை மேல்முறையீட்டுக்கே இடங்கொடாமல் அவ்வாண்டு டிசம்பரில் ஒரே காலையில் தூக்கிலிட்டார்கள். மொத்தம் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். 2023 நவம்பரில் ராணுவ இலாகா அத்தண்டனைகளை எல்லாம் தள்ளி, அவர்கள் சேவையைக் கௌரவமானது என்று எழுதியது. ஒன்றும் நடக்கவில்லை என்று அது சொல்லவில்லை. நடந்த விசாரணை விசாரணையல்ல என்று சொன்னது. இதனால் எந்தப் படையின் கட்டுப்பாடு குலைந்துவிட்டது?

போர்ட் சிக்காகோவையும் இங்கே சொல்ல வேண்டும். 1944 ஜூலை 17ல் அத்துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றும்போது கப்பல் வெடித்து 320 பேர் இறந்தார்கள். அவர்களில் 202 பேர் கறுப்பர்கள். மூட்டை ஏற்றுவது கறுப்பர் வேலை, மேற்பார்வை வெள்ளையர் வேலை என்பது அவ்விடத்து வருணாசிரமம். தப்பியவர்களில் பலர், பயிற்சியும் பாதுகாப்பும் இன்றி மறுபடி அந்த வேலைக்குப் போகமாட்டோம் என்றார்கள். 50 பேர் மீது கலகக் குற்றம் சாட்டித் தண்டித்தார்கள். குற்றமில்லையென்று கடற்படை இலாகா தீர்ப்பை மாற்றியது 2024 ஜூலை 17ல், சரியாக 80 ஆண்டு கழித்து.

சீட்டை மாற்றிவிட்டோமே, இனி என்ன என்று கேட்கிறார்கள். சீட்டு மாறினால் போதாது. 1977ல் ஜனாதிபதி கார்ட்டர் வியட்நாம் காலத்துச் சீட்டுகளைத் திருத்த விசேஷ ஏற்பாடு செய்தார். உடனே காங்கிரஸ் அவ்வாண்டிலேயே ஒரு சட்டம் செய்து, அப்படித் திருத்தப்பட்ட சீட்டுக்காரர் மறுபடி வேறொரு பரிசீலனையில் தேறினாலன்றிச் சலுகை இல்லையென்று தடுத்தது. ஒரு கையால் கொடுத்த கௌரவத்தை மறு கை பிடித்துக் கொண்டது. 1972ஆம் ஆண்டு உத்தரவிலும் பிரௌன்ஸ்வில் சிப்பாய்களுக்குப் பழைய சம்பளம் ஒரு காசும் கிடையாது. பிறகு காங்கிரஸ் தனியாகச் சட்டம் செய்து வில்லிஸுக்கு 25,000 டாலர் கொடுத்தது. 1906 முதல் கணக்கிட்டால் ஆண்டுக்கு 375 டாலருக்கும் குறைவு. அவர் 1977ல் காலமானார்.

எனவே நாம் கேட்பது இது: விசாரணையின்றி எழுதப்பட்ட சீட்டை நியாயமென்று காட்டும் பாரம் எழுதினவர் மேல் இருக்கட்டும். சர்க்கார் வசத்தில் பதிவு தொலைந்திருந்தால் அதன் நஷ்டம் சர்க்காரைச் சேரட்டும். சீட்டு திருந்தினால் அதோடு பறித்த சம்பளமும் பென்ஷனும் திரும்பட்டும். சிப்பாய் இறந்திருந்தால் அவன் மனைவி மக்களுக்குப் போகட்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கெடுவை எடுத்தெறிய வேண்டும். மறுபரிசீலனைப் போர்டுக்கு விலக்கப்பட்ட நாள் முதல் 15 ஆண்டு. திருத்தல் போர்டுக்குப் பிசகு தெரிந்த நாள் முதல் 3 ஆண்டு. அதற்கு மேற்பட்டால், நியாயத்தை முன்னிட்டுத் தாமதத்தை மன்னிக்கலாமா என்பது போர்டின் விருப்பம். பிரௌன்ஸ்வில் சிப்பாய்க்கு அந்த 15 ஆண்டுக் கெடுவைக் கணக்கிட்டுப் பார்த்தால், அது 1921லேயே முடிந்துவிட்டது. அப்போது டார்ஸி வில்லிஸுக்கு வயது 35. மனுவை வாங்கிக் கொள்ளப் போர்டு ஏற்படுவதற்கோ இன்னும் 23 ஆண்டு இருந்தது.