எடைக்குப் போடச் சொல்கிறார்கள்

அம்பாசடர் வைத்திருப்பவர் வீட்டில் கார் ஷெட்டுக்குள் கார் நிற்காது. அது வாசலில், வேப்பமர நிழலில் நிற்கும். ஷெட்டுக்குள் ஒரு எஞ்சின் பிளாக், கியர் பாக்ஸ், பின்பக்க ஆக்ஸில் ஹவுசிங், ஸ்பிரிங் பட்டைகள், கதவுகள், பானட், முன்கண்ணாடி என்று இடம் முழுக்க அடைந்திருக்கும். என் வீட்டிலும் அப்படித்தான். வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுகிறார்கள்: "எதுக்கு சார் வீட்டுக்குள்ள காயலான் கடை? எடைக்குப் போட்டா நல்ல காசு வருமே." கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இதையெல்லாம் யாரும் ஆசைக்காகச் சேர்க்கவில்லை. 2014 மே மாதம் உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதற்குப் பிறகும் சில காலம் கவலை தெரியவில்லை. டாக்ஸிகளும் அரசாங்க வண்டிகளும் கழிக்கப்பட்டு வந்துகொண்டிருந்ததால் சென்னை புதுப்பேட்டையில் கதவு கேட்டால் கதவு, டிக்கி மூடி கேட்டால் டிக்கி மூடி கிடைத்தது. இன்று பிரிப்பதற்கு வண்டியே அபூர்வமாகத்தான் வருகிறது. வந்தாலும் நாம் தகவல் தெரிந்து போய்ச் சேர்வதற்குள் நல்ல ஹவுசிங்கைக் கூட உடைத்து உருக்க அனுப்பிவிடுகிறார்கள். கண்ணில் பட்டபோது வாங்கி வைக்காவிட்டால், வண்டி நிற்கிற அன்றைக்கு எங்கே போய்த் தேடுவது?

கையில் அடங்குகிற சாமானுக்கு இந்தப் பாடு இல்லை. பழைய அம்பாசடரின் 1489 சிசி பெட்ரோல் எஞ்சின், இங்கிலாந்தின் பிஎம்சி 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரில் ஓடியதும் அதன் உடன்பிறப்புதான். அந்தக் கார்களை இன்றும் போற்றி ஓட்டுகிறவர்கள் அங்கே இருப்பதால் கேஸ்கட், வால்வு, பேரிங் மாதிரியான சாமான்களைத் தேடினால் தபாலில் வரவழைத்துவிடலாம். ஒரு பிளாக்கையோ ஆக்ஸிலையோ யார் தபாலில் அனுப்புவார்கள்? கப்பல் கூலியில் இங்கே பாதி வண்டி வாங்கிவிடலாம். லேசானதெல்லாம் உலகத்தில் எங்கோ இருக்கிறது. கனமானதை மட்டும் நம் வீட்டில்தான் வைத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. எடைக்குப் போடச் சொல்கிறவர்கள் இதை ஒரு நிமிஷம் நின்று கேட்க மாட்டேன் என்கிறார்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வைத்துக் காப்பாற்றுவது என்ன சும்மா காரியமா? பிளாக் முழுக்க வார்ப்பிரும்பு. தலை, கிராங்க் எல்லாம் சேர்த்த எஞ்சின் நூறு கிலோவைத் தாண்டும். அதை வெறும் சிமெண்ட் தரையில் வைக்கக் கூடாது, மழைக்காலத்தில் தரை வழியாக ஈரம் ஏறும். கட்டை போட்டு அதன் மேல்தான் ஏற்ற வேண்டும். கடல் காற்று வருகிற ஊரில், கடைந்து பளபளவென்று இருக்கிற சிலிண்டர் சுவரை எண்ணெய் தடவாமல் விட்டால் சீக்கிரமே செம்பட்டை படியும். அதைக் கவனிக்காமல் விட்டால் துரு குழி பறித்துவிடும். அப்புறம் ரீபோர் செய்ய வேண்டும், அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனைத் தேடி அலைய வேண்டும். பாலிதீன் பையில் கட்டி வைத்தால் போதும் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். ஈரக்காற்றையும் உள்ளே வைத்துக் கட்டினால் பைக்குள்ளேயே வேர்த்து, திறந்து வைத்ததைவிட மோசமாகத் துருப்பிடிக்கும். கிரீஸ் பூசி, எண்ணெய்க் காகிதம் சுற்றி, மாதம் ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணாடி இன்னொரு தலைவலி. வளைந்த முன்கண்ணாடியைப் படுக்க வைத்து மேலே எதையாவது அடுக்கினால் விரிசல் விடும். அடியில் ஃபெல்ட் ஒட்டிய சட்டத்தில் நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டும். டஃப்பன்ட் கண்ணாடியாக இருந்தால் நடுவில் தட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளும்; ஓரத்தில் ஒரு ஸ்பானர் முனை பட்டால் மொத்தமும் பொலபொலவென்று கொட்டிவிடும். அந்தச் சட்டத்துக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீட்டில் அரிசி மூட்டையும் தண்ணீர் கேனும் வந்து இறங்குகின்றன. கேன் போடுகிற தம்பி ஒவ்வொரு முறையும் காலால் இடம் பார்த்துத்தான் நடக்கிறான். "ஏங்க, அவன் தடுக்கி விழுந்து கால் உடைஞ்சா யார் பதில் சொல்றது?" என்று கேட்கிறாள் என் மனைவி. நியாயமான கேள்விதான். நகர்த்தலாம் என்றால் எங்கே நகர்த்துவது? மாடிக்கு ஏற்றத் தூக்க ஆள் கிடையாது. பரணில் போட்டால் ஸ்லாப் தாங்காது. ஒர்க்‌ஷாப்பில் செயின் பிளாக்கில் மாட்டி ஒரு நொடியில் தூக்குவதை, வீட்டில் கம்பி கட்டி, கடப்பாரை போட்டு நெம்பி, முதுகைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தள்ள வேண்டியிருக்கிறது. இரண்டு கார் நிறுத்த இடம் விட்டு வீடு கட்டுகிறவர்கள்கூட, கனமான ஒரு சாமானைத் தூக்க உத்தரத்தில் ஒரு கொக்கி போடுவதில்லை.

மழை வந்தால் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஷெட்டுக்குள் புகுந்த தண்ணீர் வடிந்த பிறகு, பிரேக் டிரம்முக்குள்ளும் ஹவுசிங்குக்குள்ளும் சேறு அப்பிக் கிடந்தது. 2023 மிக்ஜாம் புயலிலும் அதே கதை. தண்ணீர் வருகிறது என்று தெரிந்ததும் பீரோவில் இருக்கிற பத்திரத்தை மேலே எடுத்துக்கொண்டு ஓடலாம், ஆக்ஸிலை எடுத்துக்கொண்டு ஓட முடியுமா? வெள்ளம் வராத வருஷங்களில் கொசு ஒழிப்பு ஊழியர்கள் வருகிறார்கள். ஸ்பேர் டயரிலும் வீல் கப்பிலும் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அவர்கள் வேலையை அவர்கள் செய்கிறார்கள், தப்பில்லை. ஆனால் போகும்போது அவர்களும் "இதையெல்லாம் தூக்கிப் போட்டுடலாமே சார்" என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

அரசாங்கத்தின் விதியிலும் எங்களுக்கு இடமில்லை. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலில் 600 ரூபாயாக இருந்த கட்டணத்தை 5,000 ஆக்கினார்கள். விண்டேஜ் வண்டி என்று தனிப்பதிவு வேண்டுமானால் 50 வயது தாண்ட வேண்டும். என் வண்டி 1986. பழசு என்று காசு கேட்கிறவர்கள், பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ள இன்னும் பத்து வருஷம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தப் பத்து வருஷமும் வண்டி ஓட வேண்டுமானால் ஷெட்டில் இருக்கிற ஒவ்வொரு கிலோவும் எனக்கு வேண்டும்.

ஊர்ப்பக்கம் பழைய வண்டி வைத்திருக்கிற நாலைந்து பேர் சேர்ந்து, மேட்டுப் பகுதியில் பொதுவாக ஒரு குடோன் எடுக்கலாம் என்று எல்லாரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆங்கிள் அடித்த ரேக், ஒரு செயின் பிளாக், காய்ந்த தரை, வேறொன்றும் வேண்டாம். எல்லாரும் நல்ல யோசனை என்றார்கள். வாடகை யார் பெயரில், சாவி யாரிடம், யாருடைய கியர் பாக்ஸை யார் அவசரத்துக்கு எடுக்கலாம் என்ற இடத்தில் பேச்சு நின்றுபோய்விட்டது. என் பெயரிலேயே எழுதுங்கள், சாவியை யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் யாராவது ஒருவர் சரி என்று சொன்னால் போதும்.